பிரின்ட் செய்த அலுமினியமும் சோர்வு விரிசலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் பட்டறை வைத்திருப்பவர்கள், ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் டிசைன் செய்பவர்கள், ட்ரோனும் ரேஸ் காரும் கட்டும் கல்லூரி மாணவர்கள் என்று பலரும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். பேச்சு பெரும்பாலும் லேசரால் உலோகப் பவுடரை அடுக்கடுக்காக உருக்கிச் செய்யும் 3டி பிரின்ட் முறையைப் பற்றியது. உலோகம் ஏஎல்எஸ்ஐ10எம்ஜி, அதாவது சுமார் 10 சதவீதம் சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த அலுமினியக் கலவை. சென்னையில் "அலுமினியத்தில் பிரின்ட் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் இதுதான் கைக்கு வரும்.

பிரின்ட் செய்த அலுமினியம் வார்ப்பை விட வலுவானது என்று டேட்டா ஷீட்டில் இருக்கிறது. அப்புறம் ஏன் விரிசலைப் பற்றி இவ்வளவு பேச்சு?

டேட்டா ஷீட்டில் இருப்பது உண்மைதான். பிரின்ட் முடித்து அப்படியே எடுத்த நிலையில் இந்தக் கலவையின் இழுவை வலிமை 400 மெகாபாஸ்கலைத் தாண்டும். சாதாரண மணல் வார்ப்பு அதன் பக்கத்தில்கூட வராது. லேசர் உருக்கிய குட்டை மிகச் சிறியது. நொடிக்கு லட்சம் டிகிரிக்கும் மேலான வேகத்தில் அது குளிர்கிறது. அதனால் சிலிக்கான் பெரிய ஊசிகளாக வளர நேரமே கிடைப்பதில்லை. அரை மைக்ரான் அளவுள்ள அலுமினிய அறைகளைச் சுற்றி மெல்லிய வலை போலப் படிந்துவிடுகிறது. வலிமை அந்த வலையிலிருந்து வருகிறது.

ஆனால் அந்த எண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: ஒரு முறை இழுத்தால் எவ்வளவு தாங்கும்? வண்டியில் மாட்டிய பிராக்கெட்டை யாரும் ஒரு முறை இழுத்துவிட்டு விடுவதில்லை. அது தினமும் ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. ஒவ்வொரு அதிர்விலும் வரும் சுமை அதன் வலிமையில் கால் பங்குகூட இருக்காது. ஆனாலும் எங்கோ ஒரு சிறு குறையிலிருந்து விரிசல் கிளம்பி, மெல்ல நகர்ந்து, ஒரு நாள் துண்டாகிவிடும். இதைத்தான் சோர்வு என்கிறோம். இது எப்போது நடக்கும் என்பதை இழுவை வலிமையை வைத்துச் சொல்ல முடியாது. என் கணிப்பில், பிரின்ட் செய்த அலுமினியத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை மூன்று: உள்ளே இருக்கும் மிகப் பெரிய குறையின் அளவு, மேற்பரப்பின் நிலை, எஞ்சிய தகைவு (வெளிச்சுமை இல்லாதபோதும் உலோகத்துக்குள் தங்கியிருக்கும் இழுபறி). வலிமை எண் இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

விரிசலின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஒவ்வொரு சுமைச் சுழற்சிக்கும் விரிசல் எத்தனை மில்லிமீட்டர் நீண்டது என்று அளப்பார்கள். அதை விரிசல் நுனியில் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) எந்த அளவுக்கு ஏறி இறங்குகிறது என்பதோடு ஒப்பிட்டு வரைபடம் போடுவார்கள். அந்த ஏற்ற இறக்கத்துக்குத் தகைவுச் செறிவு வீச்சு என்று பெயர். நாங்கள் 'டெல்டா கே' என்றுதான் சொல்வோம். விரிசல் நீளமாக இருந்தாலும் சுமை கூடினாலும் டெல்டா கே கூடும்.

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழுத் துணியை இழுத்துக் கிழிக்க யாராலும் முடியாது. ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு போட்டால் சர்ரென்று நேராகப் போகும். இழுக்கும் விசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் வந்து குவிகிறது. டெல்டா கே அளப்பது இந்தக் குவிப்பைத்தான்.

இதை முதலில் ஒழுங்காக எழுதிக் காட்டியவர் பால் பாரிஸ். அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையைப் பெரிய ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1961-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு பொறியியல் இதழில் அது வெளிவந்தது. இன்று உலகம் முழுக்க விமானங்களின் பரிசோதனை இடைவெளியைக் கணக்கிடுவது அந்தச் சமன்பாட்டின் வழியில்தான்.

வரைபடம் மூன்று பகுதிகளாகப் பிரியும். இடது ஓரத்தில் ஒரு தொடக்க வரம்பு உண்டு. டெல்டா கே அதற்குக் கீழே இருந்தால் விரிசல் நகராது என்று வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் ஒரு சுழற்சிக்கு ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு என்ற வேகத்தை அந்த வரம்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அலுமினிய அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடச் சிறியது. நடுப்பகுதியில் வேகம் டெல்டா கே-யின் அடுக்காக ஏறும். அலுமினியக் கலவைகளுக்கு அந்த அடுக்கு பொதுவாக 3, 4 பக்கம் இருக்கும். வலது ஓரத்தில் விரிசல் பாய்ந்து பொருள் முறிந்துவிடும்.

அடுக்கு 4 என்று வைத்துப் பாருங்கள். சுமையை 20 சதவீதம் கூட்டினால் விரிசலின் வேகம் இரண்டு மடங்காகிறது. 10 சதவீதம் குறைத்தால் ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. டிசைனர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால், மூலையில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூட்டத் தயங்க மாட்டார்கள்.

பிரின்ட் செய்த அலுமினியத்தில் அந்த வரைபடம் எப்படி மாறுகிறது?

நடுப்பகுதியில் பலர் நினைக்கிற அளவுக்கு மாறுவதில்லை. விரிசல் நீளமாகி நன்றாக ஓடத் தொடங்கிவிட்டால், பிரின்ட் செய்ததும் வார்த்ததும் ஓரளவு நெருக்கமான வேகத்தில்தான் போகின்றன. பெரிய வேறுபாடு இடது ஓரத்தில், தொடக்க வரம்பில் இருக்கிறது.

பிரின்ட் முடித்து எந்தச் சிகிச்சையும் செய்யாத நிலையில் தொடக்க வரம்பு தாழ்ந்திருக்கும். டெல்டா கே-யை மெகாபாஸ்கல் பெருக்கல் மீட்டரின் வர்க்கமூலம் என்ற அலகில் சொல்வார்கள். அந்த அலகில் இந்தக் கலவைக்குக் கிடைக்கும் எண்கள் சிகிச்சையையும் சுமை விகிதத்தையும் (ஒரு சுழற்சியில் மிகக் குறைந்த சுமைக்கும் மிகக் கூடிய சுமைக்கும் உள்ள விகிதம்) பொறுத்து ஏறத்தாழ 1 முதல் 3 வரை அலைகின்றன. கீழ்ப்பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் சிகிச்சை செய்யாத பொருள். வலிமை அதிகமாக இருக்கும் நிலையில்தான் விரிசல் மிக எளிதாகக் கிளம்புகிறது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எஞ்சிய தகைவு. ஒவ்வோர் அடுக்கும் உருகி, குளிர்ந்து, சுருங்கும்போது கீழே ஏற்கெனவே இறுகிய அடுக்கு அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த இழுபறி பொருளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளிச்சுமை இல்லாதபோதும் அது விரிசலின் வாயை இழுத்துத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டாவது விரிசலின் பாதை. அறைகள் மிக நுண்ணியவை என்பதால் விரிசலின் முகங்கள் வழவழப்பாக இருக்கின்றன. வார்ப்பில் விரிசல் வளைந்து நெளிந்து போகும். அந்தக் கரடுமுரடான முகங்கள் ஒன்றோடொன்று முட்டி விரிசலின் வாயை முன்னதாகவே மூடிவிடும். அப்படி மூடியிருக்கும் நேரத்தில் நுனிக்குச் சுமை போய்ச் சேராது. விரிசலின் வாய் மூடுவது இவ்வளவு முக்கியம் என்று 1970 வாக்கில் காட்டியவர் வோல்ஃப் எல்பர். நுண்ணிய அமைப்பில் அந்த முட்டுக்கட்டை குறைவு.

விரிசல் எங்கிருந்து கிளம்புகிறது?

கிட்டத்தட்ட எப்போதும் ஒரு குறையிலிருந்து. குறைகளில் மூன்று வகை உண்டு. உருண்டையான வாயுக் குமிழ்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் வருபவை. லேசர் சக்தி கூடி உருகிய குட்டை ஆழமாகக் குழிந்து அப்படியே மூடிக்கொண்டால் கீஹோல் துளை வரும். மூன்றாவது, சக்தி போதாமலோ ஒரு சிதறல் துகள் வந்து விழுந்து மறைத்ததாலோ உருகிச் சேராமல் விட்டுப்போன இடம். அது தட்டையாக, கூரான ஓரங்களோடு, அடுக்குக்கு இணையாகப் படுத்திருக்கும். மூன்றில் மோசமானது இதுதான். உள்ளே உருகாத பவுடர் துகள்கள் அப்படியே உட்கார்ந்திருப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம்.

குறையின் வடிவம் எப்படி இருந்தாலும், சுமைக்குக் குறுக்கே அது காட்டும் பரப்பின் வர்க்கமூலத்தை எடுத்தால் போதும் என்று ஜப்பானியப் பொறியாளர் முரகாமி காட்டினார். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிடலாம். வர்க்கமூலம் 200 மைக்ரான் என்று வையுங்கள், தகைவு வீச்சு 100 மெகாபாஸ்கல். குறை மேற்பரப்பில் இருந்தால் டெல்டா கே சுமார் 1.6. அதே குறை ஆழத்தில் இருந்தால் சுமார் 1.25. சிகிச்சை செய்யாத பொருளின் தொடக்க வரம்போடு ஒப்பிட்டால், மேற்பரப்பில் இருக்கும் 200 மைக்ரான் குறை விரிசலாகக் கிளம்பத் தயாராக நிற்கிறது. குறை 50 மைக்ரானாக இருந்தால் மேற்பரப்பில்கூட 0.8 தான் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மிகச் சிறிய விரிசல்கள் நீண்ட விரிசலுக்கு அளந்த வரம்புக்குக் கீழேயும் நகரக்கூடியவை. அவற்றின் பின்னால் வாய் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் இன்னும் உருவாகியிருக்காது. அதனால் மேலே சொன்ன கணக்கில் விளிம்போரம் போய் நிற்காதீர்கள்.

பிரின்ட் செய்து தரும் சர்வீஸ்காரர் "99.8 சதவீதம் அடர்த்தி" என்று சான்றிதழ் தருகிறார். போதுமா?

போதாது. ஒரு கன சென்டிமீட்டரில் 0.2 சதவீதம் என்றால் 2 கன மில்லிமீட்டர் வெற்றிடம். அது 50 மைக்ரான் விட்டமுள்ள சுமார் 30,000 குட்டிக் குமிழ்களாக இருக்கலாம். அப்படியானால் கவலை குறைவு. ஒரு மில்லிமீட்டர் அகலமும் 50 மைக்ரான் தடிமனும் உள்ள 40 தட்டையான பிளவுகளாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்த ஜாபை (பிரின்ட் செய்த பொருளை) வண்டியில் மாட்டவே கூடாது. அடர்த்தி எண் இரண்டுக்கும் ஒன்றுதான். சராசரியைக் கேட்காதீர்கள், மிகப் பெரிய குறை எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரியும் என்பார்கள். தெரியும், ஆனால் பொருள் பெரிதாக ஆக ஸ்கேனின் கூர்மை குறையும். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள ஜாபில் ஒரு புள்ளியே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஒரு குறையை நம்பிக்கையோடு காண மூன்று புள்ளிகளாவது வேண்டும். அப்படியென்றால் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது நழுவிவிடும். மெல்லிய தட்டைப் பிளவு அதைவிடப் பெரிதாக இருந்தாலும் நழுவலாம். முக்கியமான இடத்தை மட்டும் தனியாக, நெருக்கமாக ஸ்கேன் செய்யச் சொல்வது நல்லது.

எந்தத் திசையில் நிறுத்தி பிரின்ட் செய்வது?

பெரிய சுமை அடுக்குகளைப் பிரித்து இழுக்கும்படி நிறுத்தாதீர்கள். உருகிச் சேராத பிளவுகள் அடுக்கோடு இணையாகப் படுத்திருக்கும். செங்குத்தாக இழுத்தால் அவை முழுப் பரப்பையும் சுமைக்குக் காட்டும். உருகிய குட்டைகளின் ஓரங்களில் சிலிக்கான் வலை கொஞ்சம் தடித்துப்போயிருக்கும். விரிசலும் அந்த ஓரங்களைப் பிடித்துக்கொண்டு ஓடும். வெப்பச் சிகிச்சை செய்தால் திசை வேறுபாடு குறையும். ஆனால் தட்டைப் பிளவுகள் சூடாக்குவதால் மட்டும் காணாமல் போய்விடாது.

எத்தனை ஜாப் ஒரே பில்ட் பிளேட்டில் (பிரின்ட் வளரும் அடித்தட்டில்) அடங்கும் என்ற கணக்குக்காகத் திசையை மாற்றிவிடுகிற வழக்கம் இருக்கிறது. டிராயிங்கில் திசையை அம்புக்குறி போட்டு எழுதிவிடுங்கள்.

வெப்பச் சிகிச்சை செய்தால் வலிமை குறைகிறதே, எதற்குச் செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பதிலைத்தான்.

300 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டு மணி நேரம் வைத்து எடுப்பது வழக்கமான தகைவு நீக்கம். அப்போது சிலிக்கான் வலை உடைந்து தனித்தனித் துகள்களாகும். இழுவை வலிமை 400-க்கு மேலிருந்து 300 பக்கம் இறங்கும். ரிப்போர்ட்டைப் பார்ப்பவர்கள் பதறிவிடுகிறார்கள். சிகிச்சையே வேண்டாம் என்று ஜாபை அப்படியே அனுப்பச் சொன்ன வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே சிகிச்சையில் எஞ்சிய தகைவு பெருமளவு போய்விடுகிறது. நீட்சி கூடுகிறது. விரிசல் நுனி மழுங்க இடம் கிடைக்கிறது. தொடக்க வரம்பு உயர்கிறது. ஆடிக்கொண்டே இருக்கும் பொருளுக்கு இது லாபம். பில்ட் பிளேட்டிலிருந்து வெட்டி எடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். வெட்டிய பிறகு செய்தால் ஜாப் ஏற்கெனவே வளைந்திருக்கும்.

டி6 என்பது வேறு. 530 டிகிரி அளவில் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 160 டிகிரி அளவில் பல மணி நேரம் முதிரவிடுவார்கள். வார்ப்புக்குப் பழகிய முறை என்பதால் பிரின்ட் ஜாபுக்கும் அதையே கேட்கிறார்கள். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அந்தச் சூட்டில் உள்ளே அடைபட்ட ஹைட்ரஜன் விரிந்து குமிழ்கள் பெரிதாகும். தண்ணீரில் குளிர்விக்கும்போது மெல்லிய சுவர்கள் வளையும், புதிய தகைவும் சேரும். டி6 கூடவே கூடாது என்று சொல்லவில்லை. சில ஜாபுகளுக்கு அது சரியாக வரும். வார்ப்பு டிராயிங்கிலிருந்து யோசிக்காமல் நகலெடுக்காதீர்கள் என்பதே என் கோரிக்கை.

வலையைக் கலைக்காமல் 160, 170 டிகிரியில் நேரடியாக முதிரவிடுவதும் உண்டு. வலிமை நிற்கும், எஞ்சிய தகைவும் பெருமளவு நிற்கும். சுமை நிலையாக இருக்கும் ஜாபுக்கு அது பரவாயில்லை. பில்ட் பிளேட்டையே 200 டிகிரி அளவில் சூடாக வைத்து பிரின்ட் செய்யும் மெஷின் கிடைத்தால், எஞ்சிய தகைவு தொடக்கத்திலேயே குறைந்துவிடும்.

ஹிப் செய்தால் எல்லாத் துளைகளும் மூடிவிடுமா?

ஹிப் என்பது ஆர்கான் வாயுவில் 100 மெகாபாஸ்கல் அளவு அழுத்தமும் 500 டிகிரிக்கு மேல் சூடும் கொடுத்து நசுக்குவது. உள்ளே மூடியிருக்கும் துளைகள் நசுங்கும். மேற்பரப்போடு தொடர்புள்ள துளைக்குள் வாயு நுழைந்துவிடும் என்பதால் அது மூடாது. நசுங்கிய குமிழில் இருந்த ஹைட்ரஜன் எங்கும் போய்விடுவதில்லை, பின்னால் டி6 சூட்டில் மீண்டும் ஊதும். வலிமையும் நன்றாகக் குறையும். விரிசல் கிளம்புவது மேற்பரப்பிலிருந்து என்றால், ஹிப் செய்தும் ஆயுளில் பெரிய மாற்றம் வராது. முதலில் மேற்பரப்பைச் சரிசெய்து, அதற்குப் பிறகும் உள்குறைகளே முறிவுக்குக் காரணம் என்று தெரிந்தால் ஹிப்புக்குச் செலவிடுங்கள்.

பிளாஸ்டிங் (மணல் போன்ற துகள்களை வேகமாக அடிப்பது) செய்தால் மேற்பரப்புக்குப் போதாதா?

பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சோர்வுக்கு எதிரான பாதுகாப்பு என்று அதைக் கணக்கில் எடுக்க முடியாது. பிரின்ட் செய்த சுவரில் பாதி உருகிய துகள்கள் ஒட்டியிருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள கூரான பள்ளங்கள்தான் ஆபத்து. பிளாஸ்டிங் மேடுகளைத் தட்டிவிடும், பள்ளங்களை மூடி மறைத்தும் விடும். கீழ்நோக்கிய சரிவுப் பரப்புகள் இன்னும் மோசமாக இருக்கும்.

மெஷினிங் செய்வதே நல்லது. ஆனால் எவ்வளவு எடுக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிக்கோடு வரையும் லேசர் பாதையும் உள்ளே நிரப்பும் பாதையும் சந்திக்கும் இடத்தில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே துளைகள் வரிசையாக நிற்பது உண்டு. கொஞ்சமாகச் சீவினால் அந்த வரிசையைத் திறந்துவிட்டு விடுவோம். அதைத் தாண்டிப் போகிற அளவுக்கு அலவன்ஸ் (சீவி எடுப்பதற்கான கூடுதல் தடிமன்) விட்டு டிசைன் செய்யுங்கள். கருவி நுழையாத மூலைகளுக்கு ஷாட் பீனிங் (சிறு குண்டுகளால் மேற்பரப்பை அடிப்பது) உதவும். அது மேற்பரப்பில் அமுக்கத் தகைவை ஏற்றி விரிசலின் வாயை மூடி வைக்கிறது.

சென்னையின் ஈரக்காற்று இதில் ஏதாவது செய்யுமா?

செய்யும், அதுவும் இரண்டு இடங்களில்.

முதல் இடம் பவுடர். அலுமினியத் துகளின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு தோல் உண்டு, அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். லேசர் பட்டதும் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் போகும். உருகிய அலுமினியம் கரைத்து வைத்துக்கொள்ளும் ஹைட்ரஜனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் திட அலுமினியத்தில் தங்க முடியும். இறுகும் நேரத்தில் மீதி வெளியேற வழியில்லாமல் குமிழாகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் பவுடர் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, கோடையில் ஓட்டிய அதே செட்டிங்கில் ஓட்டினால் குமிழ் கூடும். டப்பா மூடியிருக்க வேண்டும், அறையின் ஈரப்பதத்தைக் குறித்து வைக்க வேண்டும், பவுடரை வெற்றிடத்திலோ ஆர்கானிலோ உலர்த்த வேண்டும். சாதாரண ஓவனில் உலர்த்த முயலாதீர்கள். அலுமினியத் தூள் காற்றில் பறந்து ஒரு பொறி பட்டால் வெடிக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். உலோகத் தீக்கான அணைப்பான் அறையிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது இடம், ஜாப் வேலை செய்யும் சூழல். விரிசலின் நுனியில் ஒவ்வொரு சுழற்சியிலும் புதிய அலுமினியப் பரப்பு திறக்கிறது. காற்றிலுள்ள நீராவி அதோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை நுனிக்குள் செலுத்துகிறது. அதனால் உலர்ந்த காற்றைவிட ஈரக்காற்றில் விரிசல் வேகமாக வளரும். எண்ணூர், துறைமுகம், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் என்றால் உப்பும் சேரும். உப்பு அரித்து உண்டாக்கும் குழி ஒவ்வொன்றும் ஒரு புதிய தொடக்கப் புள்ளி.

கடற்காற்றும் சோர்வும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஹவாயில் நடந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் கூரைப்பகுதி பறக்கும்போதே பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். தீவுகளுக்கு இடையே குறுகிய தூரங்களில் பறந்து பறந்து அந்த விமானம் 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. தகடுகளின் இணைப்பில் ஒட்டு விட்டுப்போய், அரிப்பு ஏற்பட்டு, ரிவெட் துளைகளிலிருந்து கிளம்பிய சிறு விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. அது பிரின்ட் செய்த பொருள் அல்ல, நல்ல தரமான தகடு. அப்படிப்பட்டதற்கே அந்தக் கதி என்றால், கடற்கரையோரம் ஓடும் ட்ரோனில் பூச்சு இல்லாமல் ஒரு பிரின்ட் பிராக்கெட்டை மாட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அனோடைசிங் (மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தைத் தடிக்க வளர்ப்பது) அரிப்பைத் தடுக்கும், ஆனால் அந்தப் பூச்சு நொறுங்கும் தன்மையுள்ளது, அதிலேயே விரிசல் கிளம்பலாம். பூச்சு போட்ட நிலையிலேயே சோதித்துப் பாருங்கள்.

சென்னையின் ராக்கெட் நிறுவனம் அக்னிகுல், எஞ்சினையே பிரின்ட் செய்தார்கள். ஒரு பிராக்கெட்டுக்கு இவ்வளவு பயம் எதற்கு?

2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அவர்கள் ஏவியது சென்னைக்கே பெருமை. ஆனால் அந்த எஞ்சின் நிக்கல் வகைக் கலவை, அலுமினியம் அல்ல. அதன் சவால்கள் கடும் சூடும் அழுத்தமும், எரியும் நேரமோ குறைவு. உங்கள் பிராக்கெட்டின் சவால் கோடிக்கணக்கான சிறு அதிர்வுகள். எஃகில் இருப்பது போல, இதற்குக் கீழே என்றால் எத்தனை தடவை ஆட்டினாலும் உடையாது என்று சொல்லத்தக்க தெளிவான எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது.

விமானங்களில் பயன்படும் 7075 மாதிரி பலமான அலுமினியக் கலவையையே பிரின்ட் செய்யக் கூடாதா?

நேராகச் செய்தால் இறுகும்போதே சூட்டு விரிசல் விழும். 2017-இல் அமெரிக்காவின் எச்.ஆர்.எல். ஆய்வகம் பவுடர் துகள்கள் மேல் சிர்கோனியம் சார்ந்த நுண்துகள்களை ஒட்டி இதைத் தடுக்கலாம் என்று காட்டியது. ஏர்பஸ் குழுமத்திலிருந்து வந்த ஸ்கால்மலாய் ஸ்கேண்டியம் சேர்ந்தது, வலிமை 500 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். எந்தக் கலவையானாலும் குறை பற்றிய கணக்கு அப்படியே பொருந்தும்.

விரிசல் வளர்ச்சியைச் சோதிக்க என்ன செய்ய வேண்டும்? சென்னையில் எங்கே செய்யலாம்?

உலகம் முழுக்கப் பின்பற்றுவது ஏ.எஸ்.டி.எம். இ647 என்ற தரநிலை. காம்பாக்ட் டென்ஷன் ஸ்பெசிமன் (இதையும் சி.டி. என்பார்கள், ஸ்கேனோடு தொடர்பில்லை) என்ற சதுரத் துண்டில் ஒரு வெட்டு போட்டு, அதிலிருந்து கூரான விரிசலை முதலில் வளரவிட்டு, பிறகு அளப்பார்கள். விரிசலின் வாய் திறப்பை கேஜ் வைத்தோ, மின்னழுத்த வேறுபாட்டை வைத்தோ நீளம் கணக்கிடுவார்கள்.

பிரின்ட் செய்த துண்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெட்டு போட்டதுமே எஞ்சிய தகைவு விடுபட்டு வாய் விரியும் அல்லது மூடும். விரிசலின் முகப்பு நேராகப் போகாமல் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். அப்படிக் கிடைத்த எண் உங்கள் பொருளின் பண்பு மட்டும் அல்ல, அந்தத் துண்டில் இருந்த தகைவின் பண்பும் அதில் கலந்திருக்கிறது. சோதனை முடிந்ததும் துண்டை உடைத்து முகப்பின் வளைவைப் படம் எடுத்துக் கேளுங்கள். அறையின் ஈரப்பதத்தையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏ.சி. அறையில் கிடைத்த எண்ணை நேராக வெளிவெயிலுக்கு எடுத்துப் போகக் கூடாது.

நேரமும் ஆகும். நொடிக்கு 20 சுழற்சி ஓட்டினால் ஒரு கோடி சுழற்சிக்கு ஏறத்தாழ ஆறு நாள். இடையில் கரன்ட் போனால் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தரமணியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர்.-எஸ்.இ.ஆர்.சி. என்ற கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் சோர்வுக்கும் முறிவுக்கும் என்றே ஆய்வகம் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் உலோகவியல் துறையிலும் இந்த வேலை நடக்கிறது. போவதற்கு முன் எந்தத் திசை, எந்தச் சிகிச்சை, எந்தச் சுமை விகிதம் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "விரிசல் டெஸ்ட் பண்ணணும்" என்று மட்டும் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படாத எண்தான் கிடைக்கும்.

ஜாபில் விரிசல் தெரிகிறது. வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

கூடாது. வெல்டிங் புதிய குமிழையும் புதிய எஞ்சிய தகைவையும் சேர்க்கும், சுற்றியுள்ள சிலிக்கான் அமைப்பும் கெடும். நுனியில் துளை போட்டு நிறுத்துவது வண்டியை வீடு சேர்க்க உதவலாம், அதற்கு மேல் நம்பாதீர்கள். ஜாபைக் கழற்றி, முறிவுப் பரப்பில் கை படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். உடைந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவே கூடாது. விரிசல் எந்தக் குறையிலிருந்து கிளம்பியது என்ற தடயம் அந்தப் பரப்பில்தான் இருக்கிறது, தேய்த்தால் அழிந்துவிடும்.

ஆர்டர் கொடுக்கும்போது டிராயிங்கில் என்ன எழுத வேண்டும்?

பிரின்ட் திசை. பிளேட்டிலிருந்து வெட்டும் முன் தகைவு நீக்கம், அதன் சூடும் நேரமும். எந்தப் பரப்புகளை மெஷினிங் செய்ய வேண்டும், எவ்வளவு அலவன்ஸ். சுமை கூடும் இடங்களில் அனுமதிக்கும் மிகப் பெரிய குறையின் அளவு, அதை எந்த முறையில் பார்ப்பது. பவுடர் புதியதா, எத்தனை தடவை பயன்படுத்தியது. ஜாபோடு சேர்த்து அதே பிளேட்டில் செங்குத்தாக இரண்டு மூன்று சோதனைக் கம்பிகளும் பிரின்ட் செய்து, அதே அடுப்பில் அதே சிகிச்சை கொடுத்து உங்களிடம் தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பின்னால் ஏதாவது உடைந்தால், அந்தக் கம்பிகளை வைத்துத்தான் குற்றம் டிசைனிலா பிரின்டிலா என்று பிரித்துப் பார்க்க முடியும்.